மாத்திரை சாப்பாட்டில் சேராது

திருநீற்றுப் புதனன்று காலைப் பூசை முடிந்து, நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வந்த என் வீட்டுக்காரர், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அறிவித்துவிட்டார். "ஈஸ்டர் பாஸ்கா வரைக்கும் எனக்கு ஒருசந்தி. பொழுதடைஞ்சு ஒருவேளைதான் சாப்பாடு. காலையில எனக்குத் தோசை ஊத்தாத."

அவருக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரை போட்டுவிட்டு அரைமணி நேரம் சாப்பாடு தள்ளினாலே சர்க்கரை இறங்கிக் கை நடுங்கும் ஆள்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. கோயம்புத்தூரில் எங்கள் மகளுக்கு அப்போது எட்டாம் மாதம். முந்தைய இரண்டு தடவையும் பிள்ளை தங்கவில்லை. இந்தத் தடவை படி இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், பிரசவத்துக்குத் தென்காசிக்குக் கூட்டிவர வழியில்லாமல் மாமியார் வீட்டிலேயே படுத்திருந்தாள். அவளுக்காக வேண்டிக்கொண்டதுதான் இந்த நேர்ச்சை.

பங்குச்சாமியாரிடம் முறையிட்டேன். கோயில் வாசலில் வைத்து அவரும் சொல்லிப் பார்த்தார். "அண்ணாச்சி, அறுபது தாண்டினவங்களுக்கு நோன்பு கடமை இல்ல. சீக்காளிகளுக்கும் இல்ல."

"கடமைக்கா செய்யுதேன் ஃபாதர்? இது நேர்ச்சை" என்று சொல்லிவிட்டு இவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். விதியை அவர் ஊருக்குச் சொல்லலாம், அவருக்கு யாரும் சொல்ல முடியாது.

"அப்ப மாத்திரையையும் நிறுத்துங்க" என்றேன் ஆத்திரத்தில்.

"மாத்திரை சாப்பாட்டுல சேராதுட்டி. அதுக்கும் நேர்ச்சைக்கும் சம்பந்தமில்ல."

ஆக, தினமும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை. 'சாப்பாட்டுக்குப் பின்' என்று டாக்டர் எழுதித் தந்ததில், சாப்பாட்டை அடித்துவிட்டுப் 'பின்' என்பதை மட்டும் வைத்துக்கொண்ட மனிதரை என்ன செய்ய?

அவர் குடிக்கிற தண்ணீரில் ஒரு கரண்டி சீனியைக் கலந்துவிட எத்தனையோ நாள் கை போனது. கலக்கவில்லை. பயம். நேர்ச்சையை முறித்தவள் நானாகி, அங்கே மகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கடவுள் அப்படிப்பட்டவர் இல்லை என்று வாய் சொல்லும். வயிறு அதைக் கேட்காது. இவருக்குக் கொடுத்தால் அவளை நினைத்துப் பயம், கொடுக்காவிட்டால் இவரை நினைத்துப் பயம். அந்தத் தவக்காலம் முழுக்க எனக்கு இதுதான் செபம்.

பெரிய வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, பாஸ்காவுக்கு எட்டு நாள் இருக்கையில், பங்கு மக்கள் எல்லாரும் குற்றாலத்து மலையடிவாரத்துக்குச் சிலுவைப்பாதை போனோம். வெயில் காலம், அருவியில் வெறும் பாறைதான். ஆள் வராததால் குரங்குகளுக்குப் பசி, பையைக் கண்டால் விடாது. நான் கொஞ்சம் ஆரஞ்சு மிட்டாயை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகியிருந்தேன். கொடுப்பேனா மாட்டேனா என்று எனக்கே தெரியாது.

இயேசு சிலுவை சுமந்து போனதை நினைத்துப் பதினான்கு நிலைகள்; ஒவ்வொரு நிலையிலும் முழந்தாளிட்டு எழும்ப வேண்டும். எல்லாரும் சிலுவையைப் பார்க்க, நான் இவர் சட்டை முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். ஏழாம் நிலையில் முதுகு நனைந்துவிட்டது. ஒன்பதாம் நிலை, ஆண்டவர் மூன்றாம் முறை விழுகிற இடம். எல்லாரும் எழும்பினார்கள். இவர் எழும்பவில்லை. என்னைப் பார்த்தார், ஆனால் யாரென்று தெரிந்து பார்க்கிற பார்வையாக அது இல்லை.

முடிச்சைப் பல்லால் அவிழ்த்து, கையில் வந்ததை அவர் வாயில் திணித்தேன்.

"என்னத்தப் போட்ட?" நாக்கு குழறியது.

"மாத்திரை. மாத்திரை சாப்பாட்டுல சேராது. சப்புங்க."

சப்பினார். பதினோராம் நிலைக்குள் தானாக நடந்து வந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் நான் மகளுக்கு போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். திரும்பத் திரும்பப் போட்டேன். கடைசியில் அவளே கூப்பிட்டு, "சார்ஜ் தீந்துட்டும்மா, எதுக்கு அழுத?" என்றாள்.

மறுநாளிலிருந்து காலை மாத்திரையோடு, "அந்த இனிப்பு மாத்திரையும் ஒண்ணு குடு" என்று இவர் கையை நீட்டினார். நானும் கொடுத்தேன். சன்னல் பக்கம் திரும்பி நின்று சப்புவார். கணக்கு வாத்தியார் ஏமாறுகிறாரே என்று எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, கேவலமாகவும் இருந்தது.

பெரிய சனிக்கிழமை விடிந்ததும் மருமகன் போன் செய்தார். அன்று இராத்திரிதான் பாஸ்கா பூசை. வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். இருவரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பழக்கதோஷம், இவர் கையை நீட்டினார். என்னால் முடியவில்லை.

"அது மிட்டாய்ங்க" என்று கதறிவிட்டேன். "நேர்ச்சைய முறிச்சது நான்தான். அவளுக்கு என்னமும் ஆச்சுன்னா..."

"மிட்டாய்னு தெரியும்."

"எப்பம் தெரியும்?"

"குத்தாலத்துல வாயில வச்ச ஒடனேயே." போனையே பார்த்துக்கொண்டு சொன்னார். "கேட்டா நீ சொல்லிருவ. நீ சொல்லிட்டா நிறுத்தணும்லா. எனக்கும் பயம்தாம்ட்டி."

நீட்டிய கையில் ஒன்றை வைத்தேன். வாயில் போடாமல் பொத்திக்கொண்டார். போன் வந்தபோது அது உள்ளங்கையில் பிசுபிசுவென்று ஒட்டிக்கிடந்தது. போனை நான்தான் எடுத்தேன். மருமகன் பேசுவதற்கு முன்பே அவருக்குப் பின்னாலிருந்து பிள்ளை வீறிட்டது கேட்டது. பெண்பிள்ளை. தாயும் நலம்.

கையில் இருந்ததை நக்கி வாயில் போட்டுக்கொண்டு, கண்ணைத் துடைக்காமலேயே கேட்டார். "ஏட்டி, தோசைக்கு மாவு கெடக்கா?"

பாஸ்காவுக்கு இன்னும் ஒரு பகல் பாக்கி இருந்தது. நான் ஞாபகப்படுத்தாமல் அடுப்பைப் பற்றவைத்தேன்.