ஏசும் வாயில் வராத பெயர்

குளச்சலில் மைமூனின் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவன், அவள் அவிக்கும் இடியாப்பத்தை வாங்கிப்போகிற ஓட்டல்காரன், எல்லோரும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். அதிகம் வாங்கியவன் அவளுடைய ஒரே மகன்.

அவன் பெயர் ஹபீபுல்லா. இறைவனின் அன்புக்குரியவர் என்று பொருள். நபிகள் நாயகத்தின் சிறப்புப் பெயர்களில் ஒன்று. நாயகத்தின் புகழ்பாடும் மௌலூது ஓதும்போது காதில் விழுந்த பெயர்களில் முஸ்தபா வேண்டாம், அமீன் வேண்டாம், இதுதான் வேண்டும் என்று அடம்பிடித்தவள் மைமூனேதான். வைத்த பிறகல்லவா சங்கடம்! நாயகத்தின் பெயரைச் சொல்லி ஏச முடியுமா? அவள் தெருவில் அப்படியொரு கட்டுப்பாடு. ஏசுவதற்கென்று பிள்ளைக்கு வேறொரு பெயர் வைத்துக்கொள்வார்கள். மைமூனுக்கோ ஏசாமல் பொழுது போகாது. ஆகவே மகன் ‘பாப்பு’ ஆனான். கோபம் வந்தால் ‘சவமே’. ஊரும் பாப்பு என்றே கூப்பிட்டது.

“ஏட்டி, பெட்டியில பூட்டி வைக்கவா பேரு வச்ச?” என்று மீன் கொண்டுவரும் குளோரி கேலி செய்வாள்.

மகனும் கேட்டிருக்கிறான். கொச்சிக்கு மீன் லாரி ஓட்டுகிறவன். “உம்மா, ஒருக்கா பேரச் சொல்லி விளிங்கோ. கேக்கக் கொதியா இருக்கு.”

“நிக்காஹ் முடியட்டு. பொறவு ஒன்ன ஏச ஒனக்குப் பெண்டாட்டி இருப்பா. அன்னைக்கு விளிக்கேன்.”

போன மழைக்காலத்தில் ஒருநாள், கண் சிவக்க வண்டியெடுக்கக் கிளம்பியவனை வாசலில் மறித்து ஏசினாள். “ஒறக்கமில்லாம ஓட்டாத சவமே!” அவன் சிரித்துக்கொண்டே போனான். களியக்காவிளைக்கு அப்பால் வண்டி மரத்தில் மோதிவிட்டது. மறுநாள் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

குளிப்பாட்டி, கபன் துணி பொதிந்து, எடுக்கப்போகும் நேரத்தில் பள்ளிவாசல் லெப்பை வீட்டு வாசலுக்கு வந்தார். அடக்கம் முடிந்ததும் கபுரின் தலைமாட்டில் உட்கார்ந்து, இறந்தவரைத் தாயின் பெயரோடு சேர்த்துக் கூப்பிட்டு, வானவர்களான மலக்குகள் வந்து கேட்டால் சொல்லவேண்டிய பதிலை அவர்தான் எடுத்துச்சொல்லவேண்டும். ஊருக்குப் புதியவர். பாப்பு என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

“உம்மா, மகனுக்க பேரு என்ன?”

பக்கத்தில் நின்றவர்கள் சொல்ல வாயெடுத்தார்கள். மைமூன் கையைக் காட்டித் தடுத்தாள். ஆனால் அவள் வாயிலும் அந்தப் பெயர் வரவில்லை.

“நான் இப்பவும் அவன ஏசிட்டுத்தான் இருக்கேன் லெப்பை. சொன்னாக் கேட்டானா? நெஞ்சு முழுக்க ஏச்சாத்தான் கெடக்கு. இந்த வாய வச்சு அந்தப் பேர எப்பிடிச் சொல்லுவேன்?”

குளோரி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். மைமூன் கொப்பளித்துத் துப்பினாள். போதாதென்று மறுபடியும் கொப்பளித்தாள். முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

“ஹபீபுல்லா. மைமூனுக்க மகன்.”

சொன்னதும் உடைந்துபோனாள். அங்கே பெண்கள் கபுரடிக்குப் போவதில்லை. மகனைச் சுமந்த சந்தூக்கு படியிறங்கித் தெருமுனை திரும்பும்வரை அந்தப் பெயரைச் சொல்லிக் கதறிக்கொண்டே நின்றாள்.

இப்போதும் இடியாப்பம் அவிக்கிறாள். ஏச்சும் குறையவில்லை, பிந்தி வரும் ஓட்டல்காரன் இன்றும் வாங்கிக் கட்டிக்கொள்கிறான். ஆனால் விடிகாலையில் அடுப்பு மூட்டுமுன், வாயைக் கொப்பளித்துவிட்டு மகன் படுத்திருந்த அறை வாசலில் போய் நிற்கிறாள்.

“ஹபீபுல்லா, எந்திரி மக்கா. சுபுஹு ஆச்சு.”