இரண்டாவது வெடியும் எங்கள் கால்களும்

காட்டில் மிருகம் கலைக்கிற வேலைக்குச் சுடுகிற துவக்கு வேண்டியதில்லை; பெரிய தொண்டையும் தண்ணீர் புகாத சப்பாத்தும் இருந்தால் போதும்.

எண்பதுகளின் நடுவில் ஜெர்மனியின் ஹம் நகரத்துக்கு வந்து சேர்ந்த எங்களுக்கு, அகதி மனு முடிவாகும்வரை ஒழுங்கான வேலை செய்ய அனுமதி இருக்கவில்லை. பூங்காவில் இலை கூட்டியவர்களே, உணவகத்தின் பின்பக்கத்தில் கோப்பை கழுவியவர்களே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எங்கள் விடுதியிலிருந்து நாலு பேர் மட்டும் வேறொரு வேலைக்குப் போனோம். நகரத்துக்குத் தெற்கே மலைக்காடுகள் இருக்கின்றன. குளிர்காலத்துச் சனிக்கிழமைகளில் அங்கே காட்டுப்பன்றியும் பெரிய மானும் சுடுவார்கள். வேட்டைக்காரர்கள் காட்டின் ஓரத்தில் ஆளுக்கொரு இடத்தில் அசையாமல் நிற்பார்கள். நாங்கள் மறுபக்கத்தால் வரிசையாக இறங்கி, தடியால் மரங்களைத் தட்டிக் கத்திக்கொண்டு அவர்களை நோக்கி நடப்போம். எங்களுக்குப் பயந்து மிருகம் ஓடும். ஓடும் மிருகத்தை அவர்கள் சுடுவார்கள். மத்தியானம் பட்டாணிச் சூப்பு, பின்னேரம் கையில் கொஞ்சக் காசு.

இந்த வேலையில் தீராத வழக்கு ஒன்று உண்டு. முதல் வெடி பட்ட மிருகம் விழாமல் நின்றால், அல்லது ஓடினால், இரண்டாவது வெடி வைக்கலாமா, கூடாதா? சூப்புப் பானையைச் சுற்றி நின்று அவர்கள் இதைப் பேசாத சனிக்கிழமை இல்லை. துவக்குக்கு முன்பக்கத்தில் நடந்த எங்களிடம் ஒருவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

கொடிகாமம், பளை, ஆனையிறவு

வேட்டையை நடத்தியவர் ஹெர் பிரிங்க்மன் என்ற விவசாயி. உயரம், சிவந்த முகம், கொஞ்சம் பேச்சு. காலையில் எல்லாரையும் வட்டமாக நிறுத்தி ஒரே விதியைச் சொல்வார்: மிருகம் நாலு காலில் நிற்கும்வரை சுடவேண்டும், காயத்தோடு காட்டுக்குள் விடுவது பாவம். பிறகு எங்களுக்குத் தொப்பியில் கட்ட மஞ்சள் துணிப்பட்டி தருவார். கத்தும்போது "ஹோ, ஹோ" என்று கத்தச் சொல்வார்.

எங்களில் மூத்தவர் சிவராசா அண்ணை. யாழ்ப்பாணத்தில் பஸ் கொண்டக்டராக இருந்தவர். "ஹோ, ஹோ" எண்டு கத்தினால் தனக்கு மாடு மேய்க்கிற மாதிரி இருக்கு என்று சொல்லிவிட்டு, முதல் நாளே பழைய வேலையைத் தொடங்கிவிட்டார். "கொடிகாமம், பளை, ஆனையிறவு, பரந்தன், ஏறுறவை ஏறுங்கோ, இறங்கிறவை இறங்குங்கோ" என்று அந்த மலைச்சரிவு முழுக்கக் கேட்டது. அன்றைக்குப் பற்றைகளுக்குள்ளிருந்து பன்றிகள் கூட்டமாகப் புறப்பட்டன. இவர் என்ன சொல்லிக் கத்துகிறார், ஏதாவது மந்திரமா என்று பிரிங்க்மன் என்னைக் கேட்டார். பஸ் நிற்கும் இடங்கள் என்று சொன்னேன். அவர் பற்றைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"பன்றிகளுக்கு எங்கே இறங்குவதென்று விளங்குகிறது. மாற்றவேண்டாம்."

படுக்கக்கூடாது

சிரிப்பு இரண்டாவது சனிக்கிழமையோடு நின்றது. நாங்கள் பன்னம் என்கிற காய்ந்த பெரணிச் செடிகளுக்குள் இடுப்பளவு புதைந்து நடந்துகொண்டிருந்தோம். முன்னால் ஒரு வெடி கேட்டது. நடந்தோம். உடனேயே அடுத்த வெடி. நாங்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் குப்புற விழுந்தோம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஊரில் பழகிய உடம்பு அது. ஒற்றை வெடி என்றால் தலையைத் திருப்பிப் பார்ப்போம். இரண்டாவது கேட்டால் நிலத்தோடு ஒட்டிவிடுவோம். பக்கத்தில் நடந்த ஜெர்மன்காரர்கள் ஒன்றும் நடக்காததுபோல் போய்க்கொண்டிருந்தார்கள். ஈர இலையில் முகத்தை வைத்துக்கொண்டு நான் அவர்களுடைய சப்பாத்துகளைப் பார்த்தேன்.

கொம்பு ஊதி வேட்டையை நிறுத்தினார்கள். பிரிங்க்மன் சரிவில் ஓடிவந்தார். அவருடைய சிவந்த முகத்தில் இரத்தமே இல்லை. எங்களைக் கைபிடித்துத் தூக்கிவிட்டு, சிறுபிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார். பன்னத்துக்குள் நிற்பவனின் மஞ்சள் பட்டி தெரியும், அவன் மனிதன். பன்னத்துக்குள் கிடந்து அசைவது வேட்டைக்காரனின் கண்ணுக்குப் பன்றி. எத்தனை வெடி கேட்டாலும் படுக்கக்கூடாது. நான் தமிழில் மாற்றிச் சொன்னேன். சிவராசா அண்ணை தாடியில் ஒட்டிய இலையை எடுத்தார்.

"ஊரிலை நிண்டால் சுடுவான், இஞ்சை படுத்தால் சுடுவான். தம்பி, குந்தியிருக்கிறதுக்கு ஒரு நாடு இருக்கோ எண்டு கேட்டுச் சொல்லும்."

சூப்புக்குக் காவல்

பிரிங்க்மனின் விதியை அப்படியே எடுத்துக்கொண்ட விருந்தாளி ஒருவர் பிராங்பேர்ட்டிலிருந்து வந்திருந்தார். புதுத் துவக்கு, புதுத் தொப்பி. அவருக்கு முன்னால் ஒரு பன்றி குறுக்கே ஓடியது. சுட்டார். அது விழவில்லை. ஓடுகிற பன்றிக்குப் பின்னால் துவக்கைத் திருப்பித் திருப்பிச் சுட்டார். வெடியும், அடுத்த குண்டு ஏற்ற இரும்பு இழுபடும் சத்தமும், மறுபடி வெடியும். கடைசி வெடிக்கு என் தலைக்கு மேலிருந்த மரத்தின் பட்டை உடைந்து என் கழுத்துக்குள் கொட்டியது. நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். சொன்னபடி நிற்பது இவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பன்றி ஒரு கீறலும் படாமல் பக்கத்துக் காட்டுக்குப் போய்விட்டது.

பிரிங்க்மன் என் கழுத்திலிருந்த பட்டைத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு விருந்தாளியிடம் போய், அவருடைய துவக்கின் இரும்புப் பூட்டைக் கழற்றித் தன் பொக்கற்றுக்குள் போட்டார். இனி அது சுடாது. நாலு காலில் நிற்கும்வரை சுடச் சொன்னது நீங்கள்தானே என்று விருந்தாளி கேட்டார்.

"சொன்னேன், ஆனால் மரத்தை அல்ல. நீங்கள் போய்ச் சூப்பைக் கலக்குங்கள்."

ஒரு சிகரெட் நேரம்

இரண்டாவது வெடிக்கு எதிர்க்கட்சி டொக்டர் வெஸல். பல் வைத்தியர், மெலிந்த மனிதர், ஒரு குண்டுக்கு மேல் சுடமாட்டார். ஒருநாள் அவர் சுட்ட பெண் மான் ஒருமுறை குலுங்கிவிட்டு, கொஞ்சத் தூரம் போய் நின்றது. இன்னொரு வெடிக்கு நேரம் இருந்தது. அவர் துவக்கைத் தாழ்த்தி ஒரு சிகரெட் பற்றவைத்தார். அது அங்கத்தைய வழக்கம். அடிபட்ட மிருகத்தை உடனே துரத்தினால் மிச்ச உயிரை வைத்துக்கொண்டு ஓடும். விட்டுவிட்டால் பக்கத்தில் எங்கேயாவது படுக்கும். ஆகவே ஒரு சிகரெட் முடியும்வரை நிற்பார்கள். பிறகு அது நின்ற இடத்தில் ஒரு கிளையை முறித்துப் போட்டு அடையாளம் வைப்பார்கள். சூப்புப் பானையடியில் பிரிங்க்மன் கோபப்பட்டார். அது நின்றதே, ஏன் விட்டீர்கள் என்றார். பின்பக்கம் மட்டும்தான் தெரிந்தது, அவசரமாகச் சுட்டால் குடலில் படும், பார்க்காத இடத்தில் துளைபோட்டுத் தனக்குப் பழக்கமில்லை என்றார் டொக்டர். எனக்கு இருவர் சொன்னதும் சரியாகவே பட்டது. அதுதான் இந்த வழக்கின் தொல்லை.

தேடுவதற்கு பிராவ் லோமன் என்ற பெண்மணி வந்தார். காயப்பட்ட மிருகத்தை மணம் பிடிக்கப் பழக்கிய நீண்ட காது நாய் ஒன்று அவரிடம் இருந்தது. முள்ளை விலக்க ஆள் வேண்டும் என்றார், என்னை அனுப்பினார்கள். நாய் மூக்கை நிலத்திலிருந்து எடுக்கவில்லை. ஓர் இலையில் கறுத்த துளி ஒன்று. அதன்பிறகு வெகுதூரத்துக்கு ஒன்றும் இல்லை. ஓடையைக் கடந்து, மேட்டில் ஏறி, மறுபடி இறங்கினோம். வெளிச்சம் மங்கத் தொடங்கும் நேரத்தில், வேர் பிதுங்கிய ஒரு கரைக்குக் கீழே அது கிடந்தது. தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. எழும்ப முயன்றது, முன்கால்கள் மட்டும் சொல்வழி கேட்டன. பிராவ் லோமன் நாயின் கயிற்றை என்னிடம் தந்து, திரும்பி நிற்கச் சொன்னார். நான் திரும்பினேன். வெடி கேட்டது. நாய் அசையவில்லை, நான்தான் அசைந்தேன். அவர் ஒரு பச்சைக் கிளையை ஒடித்து மானின் வாய்க்குள் வைத்தார். அதற்குக் கொடுக்கும் கடைசி வாய் உணவாம். திரும்பி வந்தபோது டொக்டர் எங்களுக்காகக் காத்திருந்தார். கிடைத்ததா என்று பிராவ் லோமனிடம் கேட்டார்.

"கிடைத்தது. உங்கள் ஒரே குண்டை அவள் பின்னேரம்வரை சுமந்தாள், டொக்டர்."

மூடுபனி

அடுத்த குளிர்காலம் தொடங்கியபோது சிவராசா அண்ணையின் மனைவியும் மகளும் வந்து சேர்ந்திருந்தார்கள். அந்தச் சனிக்கிழமை காலையில் நான் அவரைக் கூப்பிடப் போனேன். அண்ணையின் மனைவி, எங்களுக்கு அக்கா, கதவில் நின்று, "தம்பி, கொண்டுபோற மாதிரியே கொண்டுவாங்கோ" என்றார். அண்ணை சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அன்றைக்கு நல்ல மூடுபனி. காலை வட்டத்தில் டொக்டர் வெஸல் பிரிங்க்மனிடம், அந்தப் பெண் மானுக்குப் பிறகு இந்த வருடம் இரண்டாவது வெடிக்குத் தான் தயங்கப்போவதில்லை என்று சொன்னார். பிரிங்க்மன் அவருடைய தோளில் தட்டினார்.

கடைசிச் சுற்று. இளம் ஊசியிலை மரங்கள் நெருங்கிய சரிவால் ஏறினோம். எனக்கு வலது பக்கத்தில் அண்ணை. எங்களுக்கு முன்னால் ஒரு பெரிய ஆண் பன்றி எழும்பி மேலே ஓடியது. மரங்கள் முடிந்த இடத்தில் பன்னம், அதற்கு மேலே பாதை, பாதையில் டொக்டர். வெடி கேட்டது. பன்றி ஒருமுறை சரிந்தது. சரிந்த பன்றி எழும்பித் திரும்பியது. ஒரு காலை இழுத்துக்கொண்டு நேரே எங்களை நோக்கி இறங்கியது. டொக்டரின் துவக்கு அதன் பின்னாலேயே இறங்கி வந்தது. இரும்பு இழுபடும் சத்தம் துலக்கமாகக் கேட்டது. பன்றி, அதற்குப் பின்னால் நாங்கள், எல்லாம் ஒரே கோட்டில். அந்தத் துவக்கின் வாய் வட்டமாகத் தெரிந்தது. வட்டமாகத் தெரிந்தால் அது உங்களைத்தான் பார்க்கிறது.

அண்ணையின் முழங்கால் மடிவதைக் கண்டேன். அவருடைய கோட்டு தேவாலயத்தில் கொடுத்த பழுப்புக் கோட்டு, பன்னமும் பழுப்பு. "அண்ணை, நில்லுங்கோ" என்றேன். "ஏலாது தம்பி, கால் தன்ரபாட்டிலை போகுது" என்றார். "அக்காவுக்கு நான் என்ன சொல்லுறது, நில்லுங்கோ." அவர் பக்கத்திலிருந்த இளமரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். நடுங்கிய மரத்தோடு அவருடைய மஞ்சள் பட்டியும் நடுங்கியது. டொக்டரின் துவக்கு அந்தப் பட்டிக்கு நேரே வந்தது; நின்றது; பிறகு மெல்ல மேலே வானத்தைப் பார்த்தது. பன்றி எங்கள் இருவருக்கும் நடுவால் போனது. அதன் மூச்சும் மணமும் என் காலில் பட்டன. அண்ணையின் கோட்டு விளிம்பு கிழிந்து தொங்கியது. கோட்டுக்குள் இருந்த கால் கிழியவில்லை. கீழே வேட்டைநாய்கள் பன்றியை ஒரு முட்பற்றைக்குள் மறித்துவைத்துக் குரைத்தன. பிராவ் லோமன் பக்கத்தில் போய் முடித்தார்.

சூப்புப் பானையடியில் பிரிங்க்மன் டொக்டரைப் பிடித்துக்கொண்டார். காலையில் என்ன சொன்னீர்கள், நாலு காலில் நின்றதே, நாய்களில் ஒன்று கிழிபட்டிருந்தால் யார் பொறுப்பு என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டார். டொக்டர் சூப்புக் கோப்பைக்குள் கரண்டியைச் சுழற்றிக்கொண்டு நின்றார். ஏன் சுடவில்லை என்பதை இந்த மனிதர் சொல்லமாட்டார் என்று எனக்கு விளங்கியது. சொன்னால், துவக்கு எவ்வளவு தூரம் இறங்கி வந்தது என்பதையும் சொல்லவேண்டிவரும். அப்போது சிவராசா அண்ணை தன் கோப்பையைக் கீழே வைத்தார். கிழிந்த கோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஜெர்மன் சொற்களை ஒவ்வொன்றாக அடுக்கினார்: "ஹெர் பிரிங்க்மன். டொக்டர் நல்ல மனிதர். நான் பன்றிக்குப் பின்னால் நின்றேன். வருகிற சனிக்கிழமை உங்களுக்குப் பன்றி வேண்டுமா, கத்துகிற ஆள் வேண்டுமா?"

பிரிங்க்மன் கோட்டைப் பார்த்தார். டொக்டரைப் பார்த்தார். விளங்கிக்கொள்ள அவருக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. இரண்டும் வேண்டும் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். பானைக்கு அந்தப் பக்கத்தில் நாயின் காதிலிருந்து முள் எடுத்துக்கொண்டிருந்த பிராவ் லோமன் தலையைத் தூக்காமலே சொன்னார்.

"அப்படியென்றால், கத்திவருகிற ஆட்களின் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகு இரண்டாவது வெடியை எனக்கும் நாய்க்கும் விட்டுவிடுங்கள், நாங்கள் கிட்டப்போய் யாரென்று பார்த்துத்தான் சுடுவோம்."

அந்த வழக்கில் யார் சரி என்று இன்றைக்கும் என்னால் தீர்ப்புச் சொல்ல ஏலாது, ஆனால் அதைப் பேசுகிறவர்கள் எல்லாரும் துவக்கின் எந்தப் பக்கத்தில் நின்று பேசுகிறார்கள் என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்வேன்.