கூட்டாளிச் சபைக்கு ஒரு பொன்னாடை

ஊரில் நீங்கள் காலையிலேயே கோயிலுக்குப் போய்விடுகிறீர்கள். இங்கே, கொல்கத்தா முழுவதும் மீனும் சோறும் சாப்பிட்டுக் குறட்டை விடும் ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குத்தான் கர்த்தர் எங்களுக்காக விழித்திருப்பார். டாக்குரியாவில் எங்கள் தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. காலையில் வங்காளிகள் ஆராதித்த கோயிலில் பிற்பகல் நாங்கள் டோலக்கோடு இறங்குவோம். தெருவே எழுந்து உட்காரும். துறைமுகக் குமாஸ்தாவான நான்தான் சபைச் செயலாளர். பாடத் தெரியாதவனுக்கு வேறென்ன வேலை தருவார்கள்?

தொண்ணூறுகளின் கடைசியில் வங்காளச் சபைச் செயலாளர் பிஸ்வாஸ்தா (இங்கே 'தா', 'தாதா' என்றால் அண்ணன்) ஒரு கடிதத்தை நீட்டினார். கிறிஸ்துமஸுக்குப் பிறகு நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். இத்தனை குடும்பமும் எங்கே போவது? மறுப்புக் கடிதம் எழுத உட்கார்ந்த நான், என் ஆங்கிலத்தைத் திருத்தியே மூன்று வாரத்தை ஓட்டினேன்.

அதற்குள் ஸ்காட்லாந்திலிருந்து ஓர் அம்மையார் வந்தார். அவருடைய ஊர்ச் சபைதான் அந்தக் காலத்தில் இந்தக் கோயிலைக் கட்டியது. அப்போதெல்லாம் அவர்கள் கடிதங்களில் இது 'மிஷன் களம்'. வந்தவர்களும் விளைச்சல் பார்க்கிறவர்கள் மாதிரியே சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார்களாம். இப்போது 'கூட்டாளிச் சபை' என்று பதவி உயர்வு. அம்மையாரை வரவேற்க இரு சபையும் முதல்முறையாக ஒன்றாகக் கூடின.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் மேடையில் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் பொன்னாடை உண்டு. அம்மையாருக்குப் போர்த்திய என் கை, பழக்க தோஷத்தில் பக்கத்து நாற்காலிக்கும் போர்த்திவிட்டது. அதில் பிஸ்வாஸ்தா! வங்காளிகள் விசேஷ நாளில் தோள் மாற்றித் தோள் மாற்றி மூன்று முறை கட்டிக்கொள்வார்கள். அவரும் பழக்க தோஷத்தில் எழுந்து என்னைக் கட்டிக்கொண்டார். அம்மையார் கண் கலங்கப் படம் எடுத்தார்.

"எங்க கோயில்லயும் பிற்பகல்ல கொரியாக்காரங்க பாடறாங்க. ஒருத்தரோட ஒருத்தர் பேசறதே இல்ல. நீங்க எப்படி?"

"அண்ணன் தம்பி மாதிரி" என்றார் பிஸ்வாஸ்தா.

பொய்யில்லை. எங்கள் ஊரில் வீட்டு வழக்கெல்லாம் அண்ணன் தம்பிக்குள்தான்.

"அப்ப நீங்க ரெண்டு பேரும் வந்து எங்களுக்குக் கத்துக்கொடுங்க. எத்தனை காலம் நாங்களே ஆள் அனுப்பறது?"

பிஸ்வாஸ்தா என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்தார். "தங்கராஜ் பாபு, அந்த லெட்டர்?"

"பத்திரமா இருக்கு."

"கிழிச்சுப் போடுங்க! உங்கள வெளிய அனுப்பிட்டு அங்க போய் எந்த மூஞ்சியோட லெக்சர் குடுப்பேன்?"

"அங்க ரொம்பக் குளிராமே, தாதா?"

"கரியாஹாட் மார்க்கெட்ல ரெண்டு குரங்குக் குல்லா வாங்கறேன். வாயை மூடுங்க."

கடிதம் கிழிந்தது, மூன்று மணி ஆராதனை பிழைத்தது. சில மாதம் கழித்து ஸ்காட்லாந்துச் சபைப் பத்திரிகையில் எங்கள் படம் வந்தது. பிஸ்வாஸ்தாவின் தோளில் என் முகம் பாதி புதைந்திருக்க, கீழே 'வங்காளச் சகோதரர்கள் இருவர்'. பெருமையாக ஊருக்கு அனுப்பினேன்.

அண்ணன் பதில் எழுதியிருந்தான்: "படம் கிடைத்தது. வங்காளிகள் ரெண்டு பேரும் நல்ல மனுஷராகத் தெரிகிறார்கள். நீ ஏன் படத்துக்கு நிற்கவில்லை?"