அண்டாவில் விட்ட கரி

எங்கள் வீட்டுக் கொல்லையில், கிணற்றடி ஓரமாக ஒரு பித்தளை அண்டா இருக்கிறது. இப்போது மழைத் தண்ணீர் பிடிக்கத்தான் ஆகிறது. கழுத்துக்குச் சற்றுக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கரிப் பட்டை. மற்ற இடமெல்லாம் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று வந்துவிடும். அது மட்டும் வராது. போன பொங்கலுக்கு முந்தின வாரம் மருமகள் அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டு மல்லுக்கட்டினாள். நான் மெல்ல வாசல் பக்கம் நழுவினேன். எழுபது தாண்டியும் அந்தக் கரிக்கு முன்னால் நிற்க எனக்கு முகம் இல்லை.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷம், சைகோனிலிருந்து திரும்பியவர்கள் சிலர் சேர்ந்து காரைக்காலில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். கல்யாணப் பாத்திரங்களை வாடகைக்கு விடுவது தொழில். வசதி உள்ளவர்கள் வாடகை கொடுப்பார்கள். அதை வைத்துச் சங்கம் நடக்கும்; இல்லாதவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் அதே பாத்திரங்கள் சும்மா போகும். யார் முதலில் வந்து சொல்கிறார்களோ அவர்களுக்கு. எந்த அண்டா வாடகைக்குப் போனது, எது சும்மா போனது என்று பந்தலில் உட்கார்ந்திருக்கும் எவனுக்கும் தெரியாது. இந்த ஏற்பாட்டின் அருமை எனக்கு அப்போது உறைக்கவில்லை. இருபத்தாறு வயது. சங்கத்தில் மானேஜர் வேலை. எனக்கு மூளை இருப்பதாக நானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த காலம்.

பாத்திரம் தேய்க்க ஓர் அக்கா இருந்தார். வரிச்சிக்குடியிலிருந்து விடிந்ததும் நடந்து வந்துவிடுவார். புளியும் செங்கல் தூளுமாக உட்கார்ந்தால் உச்சி வெயில் வரை எழுந்திருக்கமாட்டார். புருஷன் இல்லை, ஒரே பெண். எழுத்து வாசனை கிடையாது, ஆனால் ஒவ்வொரு பாத்திரத்தின் ஜாதகமும் அவருக்குத் தெரியும். "இது நெரவியில வண்டிலேருந்து விழுந்ததுங்க தம்பி, இது ஒங்க தலைவரு வீட்டுல அடிப்புடிச்சது" என்று ஒடுக்கைத் தடவிச் சொல்வார். யார் வீட்டிலிருந்து வந்தாலும் தேய்ப்பு ஒரே தேய்ப்புதான்.

ஒருநாள் தலத்தெருவிலிருந்து பெரிய வீட்டுக்காரர் ஒருவர் கல்யாணத்துக்குப் பாத்திரம் பார்க்க வந்தார். எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார். "நேத்து இது எந்தக் குடிசைக்குப் போயிட்டு வந்துச்சோ, அதுலயா எங்க வீட்டு விருந்து ஆக்குறது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்று நான் அவருக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். பெரிய வீடுகள் கைவிட்டுப் போனால் சங்கம் படுத்துவிடும், சங்கம் படுத்தால் ஏழைக்கும் ஒன்றும் இல்லை என்று கணக்காக ஒரு நியாயம் பிடித்தேன். பாத்திரங்களை இரண்டாகப் பிரித்தேன். சும்மா கொடுக்க ஒதுக்கியவற்றில், பேர் வெட்டுகிறவரை வரவழைத்து, கழுத்துக்குக் கீழே விரல் நீளத்தில் 'தருமம்' என்று வெட்டச் சொன்னேன். பாத்திரம் மாறிப் போகாது, பார்க்கிறவர்களுக்குச் சங்கத்தின் தொண்டும் தெரியும். சங்கத் தலைவர் என் முதுகில் தட்டினார். பெரிய வீடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

வெட்டி முடித்த அன்று அக்கா ஈரக் கையோடு வந்து நின்றார். "புதுசா வெட்டியிருக்கீங்களே தம்பி, என்னங்க எழுதியிருக்கு?"

அந்தச் சொல்லை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல நாக்கு எழவில்லை. "சங்கத்தோட பேருங்கக்கா" என்றேன்.

"நல்லதுங்க. பேரு இருந்தா ஒரு மதிப்புதானே" என்றார். அன்றிலிருந்து அந்த எழுத்துகளுக்குத் தனிக் கவனிப்பு. பள்ளத்தில் சேரும் கரியைத் தென்னங்குச்சியால் கிண்டி எடுப்பார்.

ஆறு மாதம் கழித்து அவர் மகளுக்கு விழிதியூரில் இடம் அமைந்தது. பாத்திரம் கேட்டு என் மேசை முன்னால் வந்து நின்றார். எழுத்து வெட்டாத அண்டாக்களை எடுத்துக் கொடுக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவை ஒரு பெரிய வீட்டுக்குச் சொல்லி வைத்தவை. "அதோ அந்தப் பக்கம் இருக்கறத எடுத்துக்குங்கக்கா" என்றேன்.

கல்யாணத்தன்று வரிச்சிக்குடிக்குப் போனேன். பந்தலில் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தார். வாசலிலேயே, மாப்பிள்ளை வீட்டார் குடிக்கத் தண்ணீர் நிரப்பி, இந்த அண்டா. இருப்பதிலேயே நல்லதாகப் பொறுக்கியிருந்தார். தங்கம் போல மின்னியது. எழுத்துகள் அதைவிட மின்னின. பேர் தெரியட்டும் என்று அந்தப் பக்கத்தைத்தான் தெருவைப் பார்க்க வைத்திருந்தார்.

தாலி கட்டி முடிந்து தண்ணீர் மொள்ளப் போன மாப்பிள்ளையின் அத்தான் குனிந்து, எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தார். மாப்பிள்ளையின் தகப்பனார் என்னிடம் வந்து, "இது என்னங்க?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். அது சங்கத்தின் பேர் என்று அங்கே சொல்லியிருக்கலாம். அக்காவிடம் சொன்ன பொய் ஒன்றுக்காவது உதவியிருக்கும். ஆனால் வாடகைக்கு வரும் பெரிய வீட்டுக்காரர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், "எங்க சங்கத்துல இல்லாதவங்களுக்கு வாடகை வாங்கறதில்லைங்க, அதுக்குன்னே தனியா ஒதுக்கி வச்சிருக்கோம்" என்று ஆரம்பித்துவிட்டது. பாதியில்தான் எதிரே நின்ற அக்காவைப் பார்த்தேன். கையில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவர் காதில் விழுந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்காராமல் பெண்ணை அழைத்துக்கொண்டு கிளம்பிப் போனார்கள்.

மூன்றாம் நாள் பாத்திரங்கள் வண்டியில் திரும்பி வந்தன. அக்காவும் வந்தார். "எந்த எழுத்து தம்பி அது?" என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன். அவரும் ஒருமுறை தடவிப் பார்த்தார். "நாந்தானேங்க இத இத்தன நாளும் பளபளன்னு வச்சிருந்தேன்" என்றார். பிறகு, "அந்த ஊருல எம் பொண்ணுக்கு இப்ப இதாங்க பேரு" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. புளியை எடுத்துக்கொண்டு வேலைக்கு உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு ஒதுக்கின பாத்திரங்கள் விறகடுப்பிலிருந்து வரும்போதெல்லாம் மற்ற இடம் முழுக்கத் தேய்த்துவிட்டு, அந்தச் சொல்லின் மேல் மட்டும் கரியை அப்படியே விட்டார். ஒவ்வொரு சமையலுக்கும் ஒரு படலமாக ஏறி, எழுத்தே தெரியாமல் மூடிக்கொண்டது. நான் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அரத்தை வைத்து ராவச் சொன்னால் ஒரு நாள் வேலை. ஆனால் யோசனை என்னுடையது. பொதுக்கூட்டத்தில் அதற்காகத் தலைவர் எனக்கு மாலை போட்டிருந்தார். அந்த மாலையைக் கழற்ற எனக்கு மனசு வரவில்லை. அக்கா இன்னும் இரண்டு வருஷம் வந்தார், பிறகு நின்றுவிட்டார். மன்னிப்பு என்ற வார்த்தையை அவரிடம் நான் சொல்லவே இல்லை. சங்கம் கலைந்தபோது கரி பிடித்த இந்த அண்டாவை யாரும் ஏலம் கேட்கவில்லை. நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் வாசலில் நின்றுகொண்டிருந்த என்னை மருமகள் விடவில்லை. கொல்லையிலிருந்தே கூப்பிட்டாள். "மாமா, கரிக்கு அடியில ஏதோ எழுத்து தட்டுப்படுதே, என்ன வெட்டியிருக்கு?"

திரும்பிப் போய் அவள் முன்னால் நின்றேன். ஈரக் கையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சங்கத்தோட பேரும்மா" என்றேன். "விடு, அது போகாது."

அவளும் நம்பிவிட்டாள்.