அம்மா படித்த கடிதம்

அம்மா நாற்பது வயதுவரை எழுத்து தெரியாதவள். வில்லியனூர் பக்கம் வயல்களில் நாற்று நட்டுவந்தவள், பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் சேர்ந்து படிக்கக் கற்றாள். அவள் முதன்முதலாக முழுசாகப் படித்தது ஒரு நாவல். அதை எழுதியவரின் வீடு புதுச்சேரியில் நினைவு இல்லமாக இருக்கிறதென்று தெரிந்ததும், "அந்த வூட்ட ஒரு தபா பாத்துரணும்டி" என்றாள். திருபுவனை ஃபேக்டரியில் எனக்கு வார லீவு கிடைத்த நாளில் பஸ் ஏறினோம்.

கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. எழுத்தாளர் மனைவிக்கு எழுதிய கடிதத்தின் நான்கு பக்கங்களையும் வரிசையாக வைத்திருந்தார்கள். எல்லோரும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். அம்மா மட்டும் கண்ணாடிமேல் விரலை ஓட்டி எழுத்துக் கூட்டினாள். பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். எனக்குக் கூச்சமாகிவிட்டது.

"வாம்மா, எல்லாரும் நிக்கிறாங்க."

"இருடி. இது மாத்தி வச்சிருக்குது."

காவலுக்கு இருந்தவர் வந்தார். "இன்னாம்மா பிரச்சனை?"

"சார், ரெண்டாம் பக்கம் 'கிணற்றடியில் நான் வைத்த'ன்னு முடியுது. அடுத்தது 'காய்ச்சல் விட்டதா'ன்னு ஆரம்பிக்குது. சேரல பாருங்க. கடைசி பக்கத்துலதான் 'பவளமல்லி பூத்துவிட்டது'ன்னு இருக்குது."

"ரொம்ப நாளா இப்படித்தாம்மா இருக்குது" என்றவர், குனிந்து படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு உள்ளே போய் ஒரு பெண் அதிகாரியைக் கூட்டிவந்தார். அவரும் படித்துப் பார்த்துவிட்டு, சாவி வரவழைத்து, பெட்டியைத் திறந்து தாள்களை மாற்றி வைத்தார்.

"நீங்க டீச்சரா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"நான் நாத்து நட்டவ மேடம்."

அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். தானே தோட்டத்துக்கு அழைத்துப்போனார். மாமரமும் செம்பருத்தியும் தாண்டி, கிணற்றோரம் ஒரு பவளமல்லி நின்றது. எழுத்தாளர் வைத்ததா, அதன் வாரிசா என்று அதிகாரிக்கே தெரியவில்லை. உதிர்ந்து கிடந்த நாலு பூவை அம்மா முந்தானையில் முடிந்துகொண்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரம்மா, "எங்க போயிட்டு வர்றீங்க?" என்று கேட்டார்.

"சும்மா, ஊர் சுத்த" என்றாள் அம்மா.

என்னால் அடக்க முடியவில்லை. முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். வில்லியனூர் வரும்வரை நான் நிறுத்தவேயில்லை.