கப்பல் ஏறாதவள்

கெலுகோரில் என் பல்கலைக்கழக அறைக்கு வெளியே யாரோ ஃபினைல் ஊற்றித் தரையைத் துடைத்தார்கள். அந்த வாடையோடு, இறந்துபோன அப்பா பக்கத்தில் வந்து நின்றதுபோல் இருந்தது.

ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் வேலை போனவர்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றிய காலம் அது; நான் சின்னப் பிள்ளை. தினமும் ஃபினைல் ஊற்றிக் கழுவும் ஜார்ஜ்டவுன் துறைமுகக் கொட்டகையில் அப்பா கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். சாயங்காலம் கிணற்றடியில் குளித்த பிறகும் ஃபினைல் வாடை அவரை விட்டுப் போகாது. சோற்றை வாயில் வைக்காமல் பிசைந்துகொண்டே இருப்பார்.

ஒரு மத்தியானம் அம்மாவோடு அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். எல்லோரும் கப்பலுக்குப் போகும் படகில் ஏறிக்கொண்டிருக்க, ஒரு பெண் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“ஏறு தாயி,” என்றார் அப்பா.

“எம் புள்ளய இங்கதான் பொதச்சிருக்கேன், ஐயா. அங்க எனக்கு யாரு இருக்கா?”

அப்பா கொட்டகையின் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு, எங்களிடம் வந்து சாப்பிட உட்கார்ந்தார். திரும்பிப் பார்த்தபோது அவள் அங்கே இல்லை. சாகும்வரை, மழை பெய்தால் போதும், “எங்க படுத்திருக்காளோ” என்பார்.

நான் தொழிலாளர் பொருளாதாரம் படித்ததும், இத்தனை வருடம் கூலியையும் வேலையின்மையையும் ஆராய்ந்ததும் அவளைத் தேடித்தான். பேட்டி காணும் வயதான பெண்களிடமெல்லாம் அந்தக் கப்பலைப் பற்றிக் கேட்பேன். போன வாரம் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில் ஒரு முதியவளிடமும் கேட்டேன்.

“ஒளிஞ்சு பொழச்சவ, கேக்குறவங்ககிட்டயெல்லாம் நாந்தான்னு சொல்ல மாட்டா லா, டீச்சர்.”

ரெக்கார்டரை நிறுத்தினேன்.

“உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கம்மா?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.