அலமாரிக் கதவோடு டிவி வாங்கப் போனவள்

கடை திறந்ததும் அசிமீனா அடுப்பைப் பற்றவைப்பதில்லை. பழைய செய்தித்தாளை வினிகரில் நனைத்துக் கசக்கிக்கொண்டு, பின்சுவரோரம் நிற்கும் பாட்டில் அலமாரிக்குத்தான் முதலில் போகிறாள். அலமாரிக்கு இரண்டு கண்ணாடிக் கதவுகள். இடது கதவின் மேல் வாயைக் குவித்து ஊதுகிறாள், தேய்க்கிறாள், ஈ எச்சத்தை நகத்தால் சுரண்டுகிறாள், தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறாள், மறுபடியும் தேய்க்கிறாள். வலது கதவைத் தொடுவதே கிடையாது. அதில் படிந்த தூசியில், முந்தின தேர்தலுக்கும் முந்தின தேர்தலில் யாரோ விரலால் எழுதிய கட்சியின் பெயர் இன்னும் அப்படியே இருக்கிறது. கட்சிதான் இல்லை. ஏன் இப்படி என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். "ஒரு கதவு எனக்கு, ஒரு கதவு கடவுளுக்கு. அவர் பங்கை அவர் வந்து துடைச்சுக்கட்டும்."

எவியா தீவின் வடகரையில், படகுத்துறைக்கு நேர் எதிரே அவளுடைய காப்பிக்கடை. குட்டையான, அகலமான பெண்பிள்ளை. அப்பனின் கறுப்பு அரைக்கோட்டைத்தான் இன்றைக்கும் போட்டுக்கொள்கிறாள். அதன் பைகளில் சர்க்கரைக் கட்டி, கயிறு, திருப்புளி, பூனைக்கு மீன்தலை எல்லாம் இருக்கும். எது கேட்டாலும் "ஆச்சு" என்பாள். காப்பிச் செம்பை இன்னும் அடுப்பில் ஏற்றியிருக்கவே மாட்டாள், ஆச்சு. அவளுக்குச் சந்தேகம் என்ற ஒன்று வந்ததாக ஊரில் ஒருவருக்கும் நினைவில்லை. ஒரு குளிர்காலத்தில் மூடுபனி இறங்கிப் படகுத்துறையே காணாமல் போனபோது, இவள் வாசலில் அடுப்பை வைத்துக் காப்பிக்கொட்டை வறுத்தாளாம். அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே பயணிகள் படகு வழி தவறாமல் கரைக்கு வந்து சேர்ந்ததாம். படகுக்காரன் இதை மறுக்கிறான். ஆனால் மறுத்துவிட்டு அவள் கடையிலேதான் காப்பி குடிக்கிறான்.

துடைக்கிற கதவுக்கு நேராக, அறைக்கு முதுகு காட்டி, ஒரு நாற்காலி. அது ஆர்கிரிஸின் நாற்காலி. அறையின் நடுவே, எதிர்ச்சுவர் டிவியைப் பார்த்தபடி இன்னொன்று. அது அவன் அண்ணன் லாசரோஸுடையது. இரண்டு முதுகுகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு, அவர்கள் இருவரும் பேசிப் பல வருஷமாகிறது. அப்பன் விட்டுப்போன படகுக்குப் பச்சை அடிப்பதா நீலம் அடிப்பதா என்பதில் தொடங்கிய சண்டை. ஆளுக்கொரு பக்கம் அடித்தார்கள். படகு இன்றைக்கும் மணலில் கிடக்கிறது. இடப்பக்கம் பச்சை, வலப்பக்கம் நீலம். எந்தப் பக்கம் வந்து மோதுவது என்று தெரியாமல் அலையே அதைச் சுற்றிக்கொண்டு போகிறது என்பார்கள்.

லாசரோஸ் பெரிய உருவம். தலையில் மீனவர்களின் கறுப்புத் தொப்பி. அது கழன்று யாரும் பார்த்ததில்லை. பிஷப் வந்தபோதும் கழற்றவில்லை. நாவிதன் அதைச் சுற்றித்தான் கத்தரிக்கிறான். உள்ளே என்ன இருக்கிறது என்று ஊரில் பந்தயமே உண்டு.

ஆர்கிரிஸ் ஒல்லி. "டிவியா? அந்தச் சனியனை யார் பாப்பா" என்பது அவன் வழக்கமான பேச்சு. ஆனால் வானிலை மட்டும் அவனுக்குத் தெரிந்துவிடும். முட்டி சொல்லுகிறதாம். "மழையெல்லாம் மேக்க, கொர்ஃபு பக்கம். நமக்கு இல்லை" என்று முட்டியைத் தடவிவிட்டுக் குடையில்லாமல் கிளம்புவான், மூலை திரும்புவதற்குள் தொப்பலாக நனைவான். மேற்கே மழை என்று முட்டி சொன்னால் கிழக்கே கொட்டும். கிழக்கே இருக்கும் நம் எவியாவில் மழை என்று அது சொன்னால் துணியைத் தைரியமாகக் காயப்போடலாம். இப்படித் தவறாமல் தப்பாகச் சொல்லும் முட்டி உலகத்தில் உண்டா என்று அசிமீனா யோசித்தாள். ஒருநாள் காலி நாற்காலியில் போய் உட்கார்ந்து பார்த்தாள். எதிரே அலமாரி. உள்ளே வெயில் படாமல் இருக்க அவள் தொங்கவிட்ட கறுப்புத் துணி. அதன் முன்னால் கண்ணாடி. கண்ணாடிக்குள் டிவி, இடம் வலம் மாறி, பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. தேசப்படத்தில் கிழக்கு மேற்காகிக் கிடந்தது. ஆட்டத்தின் கோல் கணக்கையும் செய்தியையும் திருப்பிப் படிக்க ஆர்கிரிஸ் பழகிவிட்டிருந்தான். ஆம்புலன்ஸ் நெற்றியில் மாற்றி எழுதியிருப்பதை ஊரில் முதலில் படித்துச் சொல்கிறவன் அவன்தான். தேசப்படத்தைத் திருப்ப மட்டும் அவனுக்குக் கடைசிவரை வரவில்லை.

அன்றிலிருந்துதான் இடது கதவுக்கு மட்டும் வினிகர்.

போன இலையுதிர்காலத்தில் அந்தப் பழைய டிவி, கூரைக்குக் கீழே இரும்புச் சட்டத்தில் குந்தியிருந்த பெரிய டப்பா, கோழி கொக்கரிப்பதுபோல ஒரு சத்தம் போட்டுவிட்டு அணைந்தது. மறுநாளே சதுக்கத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் புதுக் கடையில் கல்யாணப் பந்தல் அளவுக்கு ஒரு திரை மாட்டினார்கள். போகிறவர்கள் போனார்கள். அதைப் பற்றி அசிமீனா கவலைப்படவில்லை. அங்கே காப்பி கழுநீர் மாதிரி, திரும்பி வருவார்கள். லாசரோஸ்கூட நகரவில்லை, அணைந்த டப்பாவையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆர்கிரிஸ்தான் அவளை உறுத்தினான். சில நாள் வந்து கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்தான். எத்தனை நேரம் ஒருவன் தன் முகத்தையே பார்ப்பான்? பிறகு வரவில்லை. சதுக்கத்துக் கடைக்கும் போகவில்லை. அங்கே முதுகு காட்டி உட்கார்ந்தால் வெறும் செங்கல் சுவர். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டான்.

கோபித்துக்கொண்டவர்கள் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் அது சண்டை, என்றைக்காவது தீரும். ஆளுக்கொரு கூரைக்குப் போய்விட்டால் அது தீராது. இது அவளுடைய கணக்கு. டின்னில் இருந்த முந்நூறு யூரோவை எடுத்தாள். கடையில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பெரிசா வாங்கு, எதிர்க் கடைக்காரன் மூஞ்சி செத்துப்போகணும் என்பதுதான் எல்லாருடைய கருத்தின் சுருக்கம். "ஆச்சு" என்றாள். அரைக்கோட்டுப் பையிலிருந்து திருப்புளியை எடுத்து இடது கதவைக் கீல் கழற்றி, போர்வையில் சுருட்டி, கறுப்புத் துணியையும் மடித்து வைத்துக்கொண்டாள். கொஸ்மாஸைக் கூப்பிட்டாள். அவன் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். அவனிடம் ஒரு சின்ன லாரி உண்டு, வாயும் உண்டு.

வழியெல்லாம் அவன் துளைத்தான். டிவி வாங்கப் போகும்போது கதவு எதற்கு, கதவு வாங்கப் போனால் டிவியைத் தூக்கிக்கொண்டு போவாயா என்று. வெயில் எப்படி விழுகிறதென்று பார்க்க வேண்டும் என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தீவின் பெரிய பட்டணமான கல்கிடாவில் டிவிக் கடைக்குள் நுழைந்தால், சுவர் முழுக்க ஒரே கிளி. அத்தனை டிவியிலும் ஒரே சிவப்புக் கிளி ஒரே மாம்பழத்தைக் கொத்திக்கொண்டிருந்தது. ஃபோத்திஸ் என்ற விற்பனையாளன், கழுத்துப்பட்டை கட்டிய தடித்த ஆள், ஓடிவந்தான். ஐம்பது அங்குலம், முந்நூறு யூரோ, அம்மா அளவுக்கென்றே செய்தது என்றான். அவள் கிளியை நிறுத்தச் சொன்னாள். வானிலை போடச் சொன்னாள். கடைக்கென்று ஏற்றிவைத்திருக்கும் வெளிச்சத்தைக் குறைத்து வீட்டு வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொன்னாள்.

"எதுக்கும்மா? நல்லாத்தானே தெரியுது?"

"பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கு எல்லா மாப்பிள்ளையும் அழகன்தான், கண்ணு. வீட்டுல எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியணும்."

பிறகு அவள் செய்ததை ஃபோத்திஸ் இன்றும் கல்கிடா முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறான். துணி துவைக்கும் இயந்திரத்தின் பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு, டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கொஸ்மாஸை எதிரே நிறுத்தி, கதவைப் பிடிக்கச் சொல்லி, அதன் பின்னால் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டாள். ஐம்பது அங்குலத்தைப் பார்த்தாள். நேரே பார்த்தால் திருவிழாவாக இருந்தது, கண்ணாடிக்குள் பாத்திரம் கழுவிய தண்ணீராகக் கிடந்தது. தேசம் எது, கடல் எது என்று தெரியவில்லை. வெளிச்சம் போதவில்லை. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். ஃபோத்திஸ் இணையம், செயலி, குரல் கொடுத்தால் கேட்கும் என்று ஒவ்வொன்றாக அடுக்கினான். என் கடையில் குரல் கொடுத்தால் கேட்கிறவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள் என்றாள், திரும்பாமலே.

கொஸ்மாஸுக்குக் கை வலித்தது. ஆனாலும் அவன் கதவைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்தான்.

"நேராப் பிடிடா."

"ஆர்கிரிஸ் கோணலாத்தானே உக்காருவான். அவன் கண்ணுக்கு வேணும்னா இப்படித்தான் சாய்க்கணும்."

அசிமீனா கண்ணாடியை விட்டுவிட்டு அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும். அந்த முட்டியைப் பாத்துத்தானே நாங்க வலை காயப்போடுறோம்."

"லாசரோஸுக்கு?"

கொஸ்மாஸ் யோசித்தான். "அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா இந்நேரம் துறைமுகத்துல நின்னு கைதட்டிச் சிரிச்சிருப்பான்."

"தெரியவே கூடாது. தெரிஞ்சுது, அவன் ஒரு வார்த்தை சொன்னான்னா, இவன் செத்தாலும் படி ஏறமாட்டான்." சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் சாய்."

மூலையில் ஒரு நாற்பத்து மூன்று அங்குலம் இருந்தது. கண்ணாடிக்குள் அது தேசத்தைத் தீவு தீவாகப் பிரித்துக் காட்டியது. எவியாவின் வால்கூடத் தெரிந்தது, தப்பான பக்கத்தில். விலை அவளுடைய முந்நூறைத் தாண்டிக் கடலுக்குள் போய்விட்டிருந்தது. அவள் அதன் பின்பக்கம் போனாள். காட்சிக்கு வைத்திருந்த டிவி அது. சட்டத்தில் ஒரு மூலை விரிசல், அட்டைப்பெட்டி தொலைந்துவிட்டது. முந்நூறு என்றாள். சுவரில் மாட்டும் சட்டமும் சேர்த்து. ஃபோத்திஸ் சிரித்தான். அவள் வாதாடவில்லை. பெட்டியின் மேல் மறுபடி உட்கார்ந்து, பையிலிருந்து ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி எடுத்துப் பரப்பிச் சாப்பிடத் தொடங்கினாள். ஐம்பது அங்குலம் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு ஆலிவ் கொடுத்து, முதுகைத் திருப்பி இந்தக் கண்ணாடியில் ஒரு தடவை பாருங்கள் என்று உபசரித்தாள். பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். பாலாடைக்கட்டி தீர்வதற்குள் ஃபோத்திஸே டிவியைத் தூக்கிக்கொண்டு லாரிக்கு வந்தான். சட்டமும் கொடுத்தான். ஒரு ஆலிவும் வாங்கிக்கொண்டான்.

ஊரில் சிரித்தார்கள். எதிர்க் கடையில் பந்தல், இவள் கடையில் தலையணை உறையா என்றார்கள். "ஆச்சு, ஆச்சு" என்று ஏணியைப் போட்டாள். பழைய இரும்புச் சட்டம் இருந்த இடத்தில் சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது. துளைபோடும் கருவி பட்டதும் அரை மூட்டை சுண்ணாம்பு விழுந்தது. ஒரு முழம் கீழே இறக்கித்தான் மாட்ட முடிந்தது. இடது கதவைக் கீலில் பொருத்தி, எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, ஆர்கிரிஸின் நாற்காலியில் கோணலாக உட்கார்ந்து பார்த்தாள். திவ்யம். பிறகு ஆர்கிரிஸ் வீட்டுக் கதவைத் தட்டி, அலமாரிக் கீல் ஆடுகிறது, நீதான் அந்தப் பக்கம் உட்காருகிறவன், வந்து ஒரு பார்வை பார் என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வந்துவிட்டாள்.

தேசிய அணி ஆடும் சாயங்காலம். போனவர்களில் பாதிப் பேர் காப்பிக்காகத் திரும்பிவிட்டார்கள். லாசரோஸ் நடு நாற்காலியில் தொப்பியோடு அமர்ந்திருந்தான். ஆட்டம் தொடங்கப்போகும்போது ஆர்கிரிஸ் உள்ளே வந்தான். ஒருவரையும் பார்க்கவில்லை. கீலை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

அவன் நாற்காலி கிறீச்சிட்டது. இடப்பக்கம் நகர்ந்தது. பிறகு வலப்பக்கம். கழுத்தை நீட்டினான், சுருக்கினான். மறுபடி கிறீச். அசிமீனா காப்பிச் செம்பை அடுப்பின் மேல் பிடித்துக்கொண்டு அலமாரியைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் பச்சை மைதானம் ஓடியது; அதன் நட்டநடுவில், கோல் கம்பத்தை மறைத்துக்கொண்டு, ஒரு கறுப்புத் தொப்பி. ஒரு முழம் கீழே மாட்டிவிட்டு அவள் உட்கார்ந்து பார்த்தபோது கடை காலியாக இருந்தது. எல்லாவற்றையும் பார்த்தவள் லாசரோஸின் தலையை மட்டும் மறந்துவிட்டாள். அவனை எழுந்திரு, தள்ளி உட்கார் என்று சொன்னால் ஏன் என்று கேட்பான். செம்பு பொங்கி அடுப்பில் வழிந்தது, அவள் அசையவில்லை. கொஸ்மாஸ் வாயைத் திறந்தான்; அவன் காலை ஓங்கி மிதித்தாள்.

கிறீச். ஆர்கிரிஸ் இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி எழப்போனான்.

லாசரோஸ் திரும்பவில்லை. கண்ணை டிவியிலிருந்து எடுக்கவுமில்லை. வலது கையை மெல்ல உயர்த்தி, தலைக்குக் கொண்டுபோய், தொப்பியைக் கழற்றினான். உள்ளே ஒன்றுமில்லை; வெயில் படாத, முட்டை வெள்ளையான ஒரு வழுக்கை. பந்தயம் கட்டியவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. தொப்பியை முழங்காலில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சரிந்து, தலையைத் தாழ்த்தினான்.

பின்னால் நாற்காலி கிறீச்சிடுவது நின்றது.